கொத்தக் கொத்தப் பெருகும் கோரை: மண்ணைக் கிளறும் முறையும் தோட்டக் களைகளும்

காய்கறிப் பாத்தி ஒன்றை நன்றாகக் கொத்தி, களையைப் பொறுக்கி, மண்ணைப் பொடியாக்கித் தண்ணீர் பாய்ச்சினால் பத்து நாளுக்குள் அந்தப் பாத்தியில் பச்சை பிடித்துவிடும். விதைத்த வெண்டை நாலைந்து இலை விடுவதற்குள் சாரணையும் பருப்புக்கீரையும் முள்ளுக்கீரையும் அதைச் சூழ்ந்துகொள்ளும். முன்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த கோரை இப்போது கற்றை கற்றையாக நிற்கும். இதைப் பார்த்ததும் இன்னும் ஆழமாகக் கொத்தியிருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. மண்ணைத் தொட்டதே தவறு என்று சொல்பவர்களும் அண்மைக் காலத்தில் பெருகியிருக்கிறார்கள். இரு தரப்பாரும் களை என்பதை ஒரே பொருளாக எண்ணிப் பேசுகிறார்கள் என்பதுதான் இந்த விவாதத்தின் குறை. மண்வெட்டி ஒன்றுதான் என்றாலும், விதையால் பெருகும் களையை அது நடத்தும் விதம் வேறு. கிழங்காலும் கணுவாலும் பெருகும் களையை நடத்தும் விதம் வேறு. எந்த ஆழத்தில், எந்த ஈரத்தில், எந்த மாதத்தில் கொத்துகிறோம் என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாகவும் மாறும். பல ஆண்டுகள் ஒரே முறையில் கிளறப்படும் தோட்டத்தில், அந்த முறைக்கு ஈடுகொடுக்கக்கூடிய களைகள் எவையோ அவையே கடைசியில் நிலைத்து நிற்கின்றன.

முதலில் விதைகளைப் பார்ப்போம். நெடுங்காலம் பயிரிடப்பட்ட நிலத்தில், ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல்மண்ணில் ஆயிரக்கணக்கான களை விதைகள் உயிரோடு கிடப்பது இயல்பு. களை பூத்துக் காய்க்கும்படி விடப்பட்ட இடங்களில் அது பல்லாயிரத்தைத் தொடும். ஒரு பருவத்தில் இவற்றில் சிறு பங்கே முளைக்கிறது. மற்றவை உறக்கத்தில் கிடக்கின்றன. இந்த உறக்கம் எவ்வளவு நீளக்கூடும் என்பதை அறிய, அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் 1879-இல் 20 புட்டிகளில் 21 வகைச் செடிகளின் விதைகளை, வகைக்கு 50 வீதம், ஈர மணலோடு கலந்து புதைத்து வைத்தார். குறித்த ஆண்டுகளில் அவை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுக்கப்பட்டு வருகின்றன. 2021-இல் எடுத்த புட்டியிலும், அதாவது 142 ஆண்டுகளுக்குப் பிறகும், வெர்பாஸ்கம் என்ற செடியின் விதைகள் முளைத்தன. பெரும்பாலான இனங்கள் அதற்கு வெகு முன்பே உயிரிழந்துவிட்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தாலும், ஒரே ஒரு ஆண்டு களையை விதைக்க விட்டதன் விளைவு அடுத்த பல ஆண்டுகளுக்கு ஏன் தொடர்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

2021-இல் அந்தப் புட்டியைத் தோண்டியவர்கள் விடியுமுன் இருட்டில், மங்கலான பச்சை விளக்கொளியில் வேலை செய்தார்கள். புதைந்து கிடக்கும் விதைக்கு ஒளி ஒரு முக்கியமான சமிக்ஞை என்பதே அதற்குக் காரணம். அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் 1952-இல் லெட்யூஸ் கீரையின் விதைகளை வைத்துச் செய்த சோதனைகள் இதைத் தெளிவாக்கின: சிவப்பு ஒளி முளைப்பைத் தூண்டியது, அதையடுத்து தொலைசிவப்பு ஒளியை, அதாவது சிவப்பின் எல்லைக்கு அப்பால் உள்ள ஒளியைக் காட்டினால் அந்தத் தூண்டுதல் அழிந்தது. இதைச் செய்யும் நிறமிக்குப் பிற்பாடு பைட்டோகுரோம் என்று பெயரிட்டார்கள். மண்ணுக்குள் சில மில்லிமீட்டருக்குக் கீழே ஒளி இறங்குவதில்லை. இருட்டில் பல மாதங்கள் கிடந்த சில விதைகள் மிகவும் கூருணர்வு பெற்றுவிடுவதால், ஒரு கண நேர வெளிச்சமே அவற்றை எழுப்பப் போதுமானது. கொத்தும்போது நடப்பது இதுதான். மண்ணோடு எகிறிய விதை வெயிலைக் கண்டு மீண்டும் மண்ணுக்குள் விழுகிறது. அதன்பின் அதற்கு வேண்டியது ஈரம் மட்டுமே.

இதைப் பயன்படுத்திக்கொள்ளலாமே என்று ஜெர்மனியில் சிலர் இரவில் உழுது பார்த்தார்கள். முதலில் வந்த முடிவுகள் வியப்பூட்டும் அளவுக்குச் சாதகமாக இருந்தன. பின்னர் பல இடங்களில் செய்த சோதனைகளில் பலன் சீராகக் கிடைக்கவில்லை. உழுது முடித்தபின் மேல்பரப்பிலேயே தங்கிவிடும் விதைகள் மறுநாள் காலையில் வெளிச்சத்தைக் கண்டுவிடும். முளைக்க ஒளியே தேவைப்படாத களைகளும் ஏராளம். கோரைக் கிழங்குக்கு இரவும் பகலும் ஒன்றுதான். ஆகவே நம் ஊர்த் தோட்டத்தில் நிலவொளியில் மண்வெட்டியை எடுப்பதால் பெரிய நன்மை வந்துவிடப்போவதில்லை.

ஒளியோடு வேறு சில சமிக்ஞைகளும் சேர்கின்றன. கிளறிய மண்ணில் காற்று புகுகிறது. பகல் வெப்பத்துக்கும் இரவுக் குளிர்ச்சிக்கும் உள்ள வேறுபாடு கூடுகிறது. மட்கு வேகமாகச் சிதைந்து நைட்ரேட் வெளிப்படுகிறது. இவை அனைத்தும் பல களை விதைகளின் உறக்கத்தைக் கலைப்பவை. தழைமறைவு இல்லாத, போட்டியில்லாத, உணவு நிறைந்த இடம் மேலே காத்திருக்கிறது என்பதை விதை இந்த வழியில்தான் அறிகிறது. கிளறிய மண்ணில் முதலில் முளைப்பவை பெரும்பாலும் குறுகிய ஆயுளும் மிகுந்த விதையும் கொண்ட ஒருபருவச் செடிகளாக இருப்பது தற்செயல் அல்ல.

அடுத்தது ஆழம். முள்ளுக்கீரை, பருப்புக்கீரை, பார்த்தீனியம் போன்றவற்றின் விதைகள் மிகச் சிறியவை; அவற்றில் உள்ள உணவுச் சேமிப்பு ஓரிரு சென்டிமீட்டர் மண்ணைத் துளைத்து வரத்தான் போதும். ஐந்து சென்டிமீட்டருக்குக் கீழே புதைந்தால் அவற்றில் மிகச் சிலவே மேலே வந்து சேரும். எனவே மண்ணை ஆழமாகப் புரட்டிப்போட்டால் மேலே கிடந்த இந்த ஆண்டின் விதைகள் கீழே போய் அடங்கிவிடும். சிக்கல் என்னவென்றால், அவை அங்கே பத்திரமாகவும் இருக்கும். அடுத்த ஆண்டும் அதே ஆழத்துக்குப் புரட்டும்போது மிஞ்சியவை மீண்டும் மேலே வருகின்றன. ஒருமுறை ஆழமாகப் புரட்டி, பின்னர் சில ஆண்டுகளுக்கு மேலாக மட்டும் கொத்திவருவது பயன் தரும். ஆண்டுதோறும் ஆழமாகப் புரட்டுவது சுவரில்லாத கிணற்றில் தூர் வாருவதைப் போன்றது. எடுத்ததெல்லாம் திரும்ப உள்ளே வந்துகொண்டிருக்கும். ‘அகல உழுவதினும் ஆழ உழு’ என்ற பழமொழியை இந்த ஒரு விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற முடியாது.

மண்ணைக் கிளறுவது விதைக் கையிருப்பைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்று கேட்டால், பலர் எதிர்பார்ப்பதற்கு மாறாக, குறைக்கிறது என்பதே விடை. இங்கிலாந்தின் வெல்ஸ்போர்னில் இருந்த காய்கறி ஆய்வு நிலையத்தில் 1960-களில் நடந்த நீண்ட சோதனையில், புதிய விதை விழாமல் பார்த்துக்கொண்ட நிலத்தில், கிளறாத மண்ணில் ஆண்டுக்கு ஏறத்தாழ 22 விழுக்காடு விதைகளும் ஆண்டுக்கு நான்கு முறை கிளறிய மண்ணில் ஏறத்தாழ 36 விழுக்காடு விதைகளும் குறைந்தன. இந்த வேகத்தில் போனால் ஐந்தாண்டு முடிவில் முதலாவதில் கால் பங்குக்குச் சற்று மேலும் இரண்டாவதில் பத்தில் ஒரு பங்கும் மிஞ்சும். கிளறும்போது முளைப்பவை அழிக்கப்படுவதால் இருப்பு கரைகிறது. ஆனால் இதில் ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது: முளைத்தவற்றில் ஒன்றும் காய்க்கக் கூடாது. நல்ல இடவசதி கிடைத்த ஒரே பார்த்தீனியம் செடி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளைத் தரவல்லது. கொத்திக் கிளறிவிட்டு அடுத்த மாதம் எட்டிப்பார்க்காத தோட்டக்காரர், ஒன்றும் செய்யாமல் இருந்தவரைவிட மோசமான நிலையில்தான் இருப்பார்.

கிளறாத நிலத்தில் விதை குறைவதற்கு வேறு வழி உண்டு. மண்மேல் கிடக்கும் விதையை எறும்பும் வண்டும் குருவியும் தின்கின்றன. வெயிலும் ஈரமும் மாறி மாறிப் பட்டுப் பல விதைகள் கெடுகின்றன. களை காய்த்துக் கொட்டிய உடனே கொத்தி மூடுவது, இந்த விதைதின்னிகளிடமிருந்து விதையைக் காப்பாற்றிச் சேமிப்பில் வைக்கும் வேலையாகிவிடுகிறது. அறுவடைக்குப் பின் சில வாரங்கள் மண்ணைத் தொடாமல் விடுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இதுவரை சொன்னது விதைக் களைகளின் கதை. கோரைக்கு வந்தால் கணக்கே வேறு. உலகின் மிக மோசமான களை எது என்று 1970-களில் களை அறிஞர்கள் தொகுத்த பட்டியலில் முதலிடம் பிடித்தது நம் வீட்டுக் கொல்லையில் வளரும் இந்தக் கோரைதான். இதன் பெருக்கத்தில் விதைக்குப் பங்கு மிகக் குறைவு. எல்லாம் கிழங்கால் நடக்கிறது. ஒரு கிழங்கிலிருந்து மேலெழும் மெல்லிய தண்டு மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு குமிழாகத் தடிக்கிறது. அந்தக் குமிழிலிருந்துதான் இலைக்கற்றையும் வேரும் புறப்படுகின்றன. பக்கவாட்டில் ஓடும் நிலத்தடித் தண்டுகளும் அதிலிருந்தே கிளம்பி, நுனியில் புதிய குமிழையோ கிழங்கையோ வைக்கின்றன. கிழங்குகள் ஒன்றோடொன்று மணிமாலையாகக் கோத்திருக்கும். கோரையின் இலையைப் பிடித்து இழுத்தால் குமிழருகே அறுந்து கையோடு வந்துவிடும். கிழங்கு கீழேயே இருக்கும். களை பிடுங்கிய திருப்தி மட்டும் நமக்கு மிஞ்சும்.

இந்த மாலையில் எல்லாக் கிழங்குகளும் ஒரே சமயத்தில் முளைப்பதில்லை என்பது கவனிக்க வேண்டிய செய்தி. முன்னே முளைத்த நுனிக் கிழங்கு மற்றவற்றின் முளைகளை அடக்கி வைத்திருக்கும். ஒரே கிழங்கிலும் பல மொட்டுகள் உண்டு. ஒன்று முளைத்தால் மற்றவை காத்திருக்கும். மண்வெட்டி இந்த மாலையை நான்கு இடங்களில் துண்டித்தால் அந்த அடக்குமுறை நீங்கி, துண்டான ஒவ்வொன்றும் தனித்தனியே முளைக்கத் தொடங்குகிறது. ஈரமான பாத்தியில் ஒருமுறை கொத்திவிட்டு நிறுத்துவது கோரையை நடவு செய்வதற்கு நிகர். சாதகமான சூழலில் ஒற்றைக் கிழங்கு மூன்று நான்கு மாதங்களில் ஏறக்குறைய நூறு கிழங்குகளாகப் பெருகும் ஆற்றல் உடையது.

ஆனால் இதே இயல்பைக் கோரைக்கு எதிராகவும் திருப்பலாம். துண்டித்து எழுப்பிவிட்ட கிழங்கு தன் சேமிப்பைச் செலவழித்துத்தான் இலையை மேலே அனுப்புகிறது. அந்த இலைகள் சம்பாதித்துத் திருப்பி அனுப்பும் முன் மீண்டும் வெட்டினால் அடுத்த மொட்டு எழும். அதையும் வெட்டினால் கிழங்கு படிப்படியாகக் காலியாகும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1930-களில் நடந்த சோதனைகளில், மூன்று வாரத்துக்கு மிகாத இடைவெளியில் அடுத்தடுத்த இரண்டு வளர்பருவங்கள் விடாமல் உழுத நிலத்தில் கோரையை ஒழிக்க முடிந்தது. மூன்று வாரம் என்ற இடைவெளிதான் இங்கே உயிர்நாடி. அதைத் தாண்டினால் புதிய கிழங்கு உருவாகத் தொடங்கிவிடும். செலவும் வரவும் சமமாகிவிடும். நாற்பது நாளுக்கு ஒருமுறை ஆள் வைத்துக் கொத்தும் தோட்டங்களில் கோரை ஏன் ஒருபோதும் குறைவதில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

அருகம்புல்லின் முறை சற்று மாறுபட்டது. ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி’ என்று மணமக்களை வாழ்த்துபவர்கள் அதன் இயல்பைச் சரியாகவே கவனித்திருக்கிறார்கள். மண்மேல் படரும் தண்டும் மண்ணுக்குள் ஓடும் தண்டும் ஒவ்வொரு கணுவிலும் வேர்விடும் திறன் கொண்டவை. ஓரிரு கணு உள்ள துண்டு ஈர மண்ணில் விழுந்தால் போதும், புதிய செடியாகிவிடும். ஐந்து கொத்து, ஒன்பது கொத்துக் கலப்பைகள் இந்தத் தண்டுகளை நீளமாக இழுத்து மேலே போடும். அவற்றைப் பொறுக்கியோ காயவிட்டோ அழிக்கலாம். ரோட்டவேட்டரும் கையால் தள்ளும் பவர் வீடரும் அவற்றைத் துண்டு துண்டாக நறுக்கி, மண்ணோடு கலந்து, மூடியும் விடுகின்றன. நிலம் அன்றைக்கு மாவுபோல் அழகாகத் தெரியும். அருகும் கோரையும் மண்டிய இடத்தில், அதுவும் மழைக்காலத்தில், இந்தக் கருவிகளை ஓட்டுவது அவற்றை ஒரு மூலையிலிருந்து தோட்டம் முழுக்கப் பரப்புவதாகும். விற்பனை விளம்பரங்களில் இந்தச் செய்தியை எதிர்பார்க்க முடியாது. சாரணை, குப்பைமேனி, தொய்யக்கீரை போன்ற ஒருபருவக் களைகள் மட்டும் உள்ள நிலத்தில் அவை சிறந்த கருவிகள்தாம். குறை கருவியில் இல்லை, பொருத்தத்தில்தான்.

வேறு சில களைகள் இரண்டு வழியிலும் பிழைத்துக்கொள்பவை. கானாவாழை தரைக்கு மேலே நீலப்பூப் பூத்து விதைப்பதோடு, மண்ணுக்கு அடியிலும் பூத்து விதை வைக்கும். அறுந்த தண்டு வேர்விடவும் செய்யும். பருப்புக்கீரையைப் பிடுங்கி வரப்பில் போட்டால், தண்டில் உள்ள நீரைக்கொண்டு அது பல நாள் உயிரோடிருந்து காயை முதிரவைத்து விதையைக் கொட்டும். மழை பெய்தால் அங்கேயே வேர்பிடிக்கும். மூக்கிரட்டையின் தடித்த வேர் மண்ணில் நின்றுவிட்டால் கழுத்துப் பகுதியிலிருந்து திரும்பத் தழையும். நீலகிரியின் காய்கறித் தோட்டங்களில் தொல்லை தரும், இளஞ்சிவப்புப் பூவுடைய புளியாரை இனம் மண்ணுக்குள் சிறு குமிழ்களைக் கொத்தாக வைக்கிறது. செடியைப் பிடுங்கும்போதே அவை உதிர்ந்து மண்ணில் சிதறிவிடுகின்றன.

கிழங்குக் களைகளுக்கும் கணுக் களைகளுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு: உலர்வை அவை தாங்குவதில்லை. கோரைக் கிழங்கு ஈர மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். கடும் வெயிலில் மண்மேல் கிடந்தால் சில நாட்களில் செத்துவிடும். அருகின் துண்டும் அப்படித்தான். தமிழ்நாட்டின் கோடை உழவு இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது. சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று உழவர்கள் சொல்வதில் களையழிப்பும் ஒரு பங்கு. கோடை மழை ஒன்று பெய்து மண் பதத்துக்கு வந்ததும் பெரிய கட்டிகளாகப் புரளும்படி உழுது, பிறகு தண்ணீர் காட்டாமல் வாரக்கணக்கில் விட வேண்டும். கட்டி பெரிதாக இருந்தால் அதன் இடுக்குகளில் வெப்பக் காற்று புகுந்து உள்ளே சிக்கிய கிழங்கையும் காயவைக்கும். பொடியாக்கிவிட்டால் மேலே உள்ள புழுதியே கீழுள்ள ஈரத்தைக் காக்கும் போர்வையாகிவிடும். நடுவில் ஒரு மழை பெய்தால் மீண்டும் ஒருமுறை புரட்ட வேண்டும். இல்லையென்றால் பட்ட பாடு வீண். கோரையின் கிழங்குகளில் பெரும்பாலானவை மேல் 15 சென்டிமீட்டருக்குள் இருப்பதால் இந்த முறை பலன் தருகிறது. அதற்கும் கீழே இறங்கியவை தப்பிவிடும், குறிப்பாகக் கரிசலில். சரிவான செம்மண் நிலத்தைக் கோடையில் வெறுமையாகப் போட்டால் முதல் பெருமழையில் மேல்மண் போய்விடும் என்ற ஆபத்தையும் மறக்கக் கூடாது.

விதைக் களைகளுக்கு இதற்கு எதிரான உத்தி, அதாவது முளைக்க வைத்து அழிப்பது, பொருந்தும். ஆடிப்பட்டத்துக்குப் பாத்தியை முழுமையாகத் தயார் செய்து, விதைக்காமல் தண்ணீர் மட்டும் விட்டு, பத்துப் பதினைந்து நாள் காத்திருந்தால் மேல்மண்ணில் எழக்கூடிய விதைகளில் பெரும்பகுதி எழுந்துவிடும். அவை இரண்டு இலைப் பருவத்தில் இருக்கும்போது, வெயில் நாளின் காலையில், இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் களைக்கொத்தால் செதுக்கிவிட வேண்டும். அதன்பின் பயிர் விதைக்கும் குழியைத் தவிர வேறெங்கும் மண்ணைப் புரட்டக் கூடாது. இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் பலர் தவறுகிறார்கள்: செதுக்கியபின் ‘மண் இறுகிவிட்டது’ என்று இன்னொருமுறை ஆழக் கொத்தி, அடியில் உறங்கும் அடுத்த தொகுதியை மேலே கொண்டுவந்துவிடுகிறார்கள்.

உழாமல் மூடாக்கு மட்டும் போடும் முறைக்கு வருவோம். உழாத நிலத்தில் ஒருபருவ விதைக் களைகள் சில ஆண்டுகளில் கணிசமாகக் குறைவது உண்மை. மேலே சொன்ன எல்லாச் சமிக்ஞைகளும் அங்கே அடைபட்டுப்போகின்றன. ஒரு சாண் உயரத்துக்குக் கரும்புச் சோகையோ வைக்கோலோ பரப்பினால் சிறு விதைகள் எழ முடியாது. ஆனால் அதே நிலத்தில் பல்லாண்டுக் களைகளுக்கு இடையூறு செய்பவர் யாரும் இல்லை. கோரையின் கூர்முனை மூடாக்கை எளிதாகத் துளைக்கும். கருப்புப் பாலித்தீன் விரிப்பையே துளைத்து வரும். அருகு ஓரத்திலிருந்து ஊர்ந்து உள்ளே வரும். ஆகவே கோரை உள்ள நிலத்தில் உழவில்லா முறையைத் தொடங்குபவர் முதலில் ஒரு கோடையாவது அந்த நிலத்தை உலர்த்தி எடுத்துவிடுவது நல்லது. கோரைக்கு நிழலும் ஆகாது. சர்க்கரைவள்ளியோ தட்டைப்பயறோ அடர்ந்து மூடிய பாத்தியில் அது மெலிந்து, கிழங்கு வைப்பதும் குறைகிறது. கோடை உழவுக்குப் பின் இத்தகைய படர்பயிரைப் போடுவது தனித்தனியே இரண்டையும் செய்வதைவிட மேலான பலனைத் தரும்.

இவ்வளவும் செய்தும் சில தோட்டங்களில் கோரை திடீரென்று தோன்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் மண்தான். மாடித் தோட்டத்துக்காக விலைக்கு வாங்கும் செம்மண்ணிலும் ஏரியிலிருந்து அள்ளிவரும் வண்டலிலும் கிழங்குகள் கலந்திருப்பது வெகு சாதாரணம். வாடகைக்கு ஓடும் ரோட்டவேட்டரின் கத்திகளில் ஒட்டிய மண் ஒரு வயலின் கிழங்கை அடுத்த வயலுக்குக் கொண்டுசெல்கிறது. மட்காத தொழுவுரத்தில் மாடும் ஆடும் தின்ற களை விதைகள் உயிரோடு வருகின்றன. குவியலின் உள்வெப்பம் 55 முதல் 60 பாகை செல்சியஸ் வரை ஏறி, புரட்டிப் புரட்டி மட்கவைத்த எருவில் அவற்றில் பெரும்பாலானவை இறந்துவிடும். புதிதாக வாங்கிய மண்ணை நேரே பாத்தியில் கொட்டாமல், ஒரு மூலையில் மெல்லியதாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து இரண்டு மூன்று வாரம் பார்த்திருந்தால், அதில் கோரை இருக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.